பவுனம்மாள் வேன் குடித்த தண்ணீர்

பவுனம்மாளின் வேன் தண்ணீர் குடித்தது. எல்லா வண்டியும் குடிக்கும். ஆனால் குடித்த தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது என்பதை அந்த வேன் ஒருவருக்கும் காட்டவில்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம் பங்குனி மாதம். பச்சைமலை அடிவாரத்தில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் துறையூரில் மூன்று குடம், திருவெள்ளறையில் நாலு, மண்ணச்சநல்லூரில் ஐந்து. டோல்கேட்டில் எண்ணுவதை விட்டுவிடுவார்கள். திருவெள்ளறையில் சாலையோரக் கிணறு ஒன்று அந்தக் கோடையில் வற்றியபோது ஊரார் மழையைக் குறை சொன்னார்கள். டிரைவர் ஆண்டிக்கு உண்மை தெரியும். அவனும் மழையைத்தான் குறை சொன்னான். கிழங்கை ஈரத்துணியில் கட்டி எஞ்சின் மேல் வைத்தால் கொள்ளிடம் பாலம் வரும்போது வெந்திருக்கும். பாலத்தின் நடுவில் எடுத்தால் பதம், இக்கரை வந்து எடுத்தால் குழைந்துவிடும். தின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்த வேன் பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பியது. பின்கதவில் ஜப்பான்காரன் சுட்ட துளை ஒன்று இருந்தது. வண்டி ஓடும்போது அதில் காற்று புகுந்து விசிலடிக்கும். அதனால் ஹாரன் கெட்டுப்போன ஆறு மாதமும் ஒரு கோழிகூட அடிபடவில்லை. பவுனம்மாளின் புருஷன் பிச்சைமுத்து அதை ஏலத்தில் எடுத்து, பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, நெல் மில்லில் ஓடிக்கொண்டிருந்த டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தினார். பழைய ஞாபகத்தில் அந்த எஞ்சின் நெல் மூட்டையைக் கண்டால் தானாகவே வேகம் எடுக்கும்.

பிச்சைமுத்து மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. பவுனம்மாளுக்கு மிஞ்சியவை வேனும், ஆண்டியும், மாமியார் வேலம்மாளும், ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசலுக்கு அப்பால் கொள்ளிடக்கரைத் தெருவில் ஓட்டு வீடும். புருஷன் செத்த பதினேழாம் நாள் அவள் வேனில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து பச்சைமலைக்குப் போனாள். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து வாரத்தில் நாலு நாள் மலையடிவாரத்துக்கும் காந்தி மார்க்கெட்டுக்கும் வேன் ஓடியது. பங்குனியில்தான் பத்து நாளைக்குள் மூன்று தரம் வழியில் நின்றது. மூன்றாம் தரம் கொள்ளிடம் பாலத்தின் நடுவில், கிழங்கு மூட்டைகளோடு. மாடு கட்டித்தான் வீட்டுக்கு இழுத்து வர வேண்டியிருந்தது.

செய்தி திருவெள்ளறைக்கு வேனைவிட வேகமாகப் போய்விட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பவுனம்மாளின் மூத்தார் பெரியண்ணன் வந்து நின்றார். கூடவே பழைய வண்டிகளை வாங்கி உடைக்கும் மருதையும், மருதையின் இரண்டு ஜோடி மாடுகளும்.

"பவுனு, ரெண்டு வருஷம் உன் இஷ்டத்துக்கு விட்டேன்" என்றார் பெரியண்ணன். "போதும். மருதை வண்டிய எடுத்துக்கட்டும். நீயும் அம்மாவும் திருவெள்ளறைக்கு வந்துடுங்க. நம்ம காடு இருக்கு. களை எடு, கடலை பறி, மூணு வேளை சோறு சாப்பிடு. நடு ரோட்டுல கொடத்தத் தூக்கிக்கிட்டு நிக்கிறதெல்லாம் நம்ம வூட்டுப் பொம்பளைக்கு வேணாம்."

"வண்டி எம் பேர்ல இருக்கு மாமா."

"அதுக்குத்தான் உன்கிட்ட வந்து சொல்றேன். இல்லாட்டி மாட்டக் கட்டி இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன்."

"எதுல பழுதுன்னே தெரியல. தெரியாம எப்பிடி உடைக்கக் குடுக்கிறது?"

"பிலோமின்ராஜ் மேஸ்திரிதான் நாலு நாளா பாத்துட்டாரே! அவரையே கேளு."

பிலோமின்ராஜ் அப்போது வேனுக்கு அடியில் படுத்திருந்தார். பாலக்கரையில் பட்டறை வைத்திருந்தவர். ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டு, உள்ளே எந்த போல்ட் எந்த போல்ட்டோடு சண்டை என்று சொல்லிவிடுவார். அவருக்கே இந்த வேன் பிடிகொடுக்கவில்லை. ரேடியேட்டரைக் கழற்றி வாய்க்காலில் முக்கி, சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. ரப்பர் குழாய்களை மாற்றினார். தண்ணீர் பம்ப்பில் கசிவு இல்லை. ராத்திரி முழுக்க வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்து வைத்தார்கள். காலையில் எடுத்தபோது, இரண்டு மூலைகளில் எறும்பு நடந்திருந்ததே தவிர, ஈரம் இல்லை. டைபாய்டு வந்த பையனைக் கவனிப்பது போல மணிக்கொரு தரம் எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பார்த்தார். எண்ணெய் கறுப்பாகவே இருந்தது.

கடைசியாக, முந்தின நாள், லாரிக்காரர்கள் செய்வதைச் செய்தார். அரைப்படி மஞ்சள் தூளைக் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றினார். சின்ன ஓட்டையாக இருந்தால் மஞ்சள் போய் அடைத்துக்கொள்ளும். மஞ்சள் தண்ணீரையும் வேன் குடித்தது. அதோடுதான் பாலத்தின் நடுவில் நின்றது.

இப்போது அவர் வெளியே ஊர்ந்து வந்து உட்கார்ந்தார்.

"மாதா சாட்சியா சொல்றேன் தங்கச்சி. எஞ்சின் மேல்மூடி, ஹெட்டு, உள்ள வெடிச்சிருக்கணும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. வேற வழியே இல்ல."

"உள்ள வெடிச்சா தண்ணி எண்ணெயில கலக்கும், எண்ணெய் மோரு மாதிரி ஆயிடும்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"ஆச்சா?"

"ஆவல."

"இல்லாட்டி புகையாப் போவும், பின்னால வெள்ளையா கக்கும்னீங்க. கக்குச்சா?"

"கக்கல."

"அப்ப வெடிப்பு எங்க இருக்கு? உங்க வாயில மட்டும் இருக்கு."

மேஸ்திரி கோபப்படவில்லை. பீடியைப் பற்றவைத்தார். "எஞ்சினே ஒரு பொம்பளைக்கிட்ட வேலை செஞ்சு பழகிடுச்சு. எதையும் வெளிய காட்டிக்க மாட்டேங்குது" என்றார்.

மருதை மாடுகளை வேப்பமரத்தில் கட்டிவிட்டு வேனைச் சுற்றி வந்து, தகரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பவரைப் போல இல்லை. ஆட்டைப் பிடித்துப் பார்ப்பவரைப் போல இருந்தது. பவுனம்மாளுக்கு அது பிடிக்கவில்லை.

"தட்டாதீங்க. அது இன்னும் உசுரோடதான் இருக்கு."

"எல்லாம் மத்தியானம் வரைக்குந்தாம்மா" என்றார் மருதை.

"சரி. மத்தியானம் வரைக்கும் குடுங்க" என்றாள் பவுனம்மாள் பெரியண்ணனைப் பார்த்து. "மார்க்கெட்டு உச்சி சங்கு ஊதுறதுக்குள்ள ஒழுக்கு எங்கன்னு நான் காட்டலேன்னா கையெழுத்துப் போடுறேன். நானே மாட்டையும் பூட்டி விடுறேன். திருவெள்ளறைக்கு வந்து உங்க காட்டுல கடலையும் பறிக்கிறேன்."

"நீ காட்டப் போறியா?"

"யாரு காட்டினா என்ன மாமா? தெரிஞ்சாப் போதும்ல."

சொல்லிவிட்டாளே தவிர எப்படிக் காட்டுவது என்று அவளுக்கும் தெரியாது. அடுப்படிக்குப் போய் பழைய சோற்றில் மோர் ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தாள். சுண்ட வைத்த மீன் குழம்பைப் பார்த்ததும் பெரியண்ணனுக்குக் குரல் ஒரு சுற்று இறங்கியது. வேலம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து, பாக்கை இடித்துக்கொண்டே, "பவுனு, இந்த வெத்தலையில கொஞ்சம் சுண்ணாம்பு தடவு. எனக்கு விரல் நடுங்குது" என்றாள்.

பவுனம்மாளின் கையில் நேற்றுக் கரைத்த மஞ்சள் இன்னும் போகவில்லை. ஆள்காட்டி விரலைச் சுண்ணாம்பு டப்பாவில் விட்டு எடுத்தாள். வெற்றிலையில் தடவினாள். விரலைப் பார்த்தாள். நகக்கண் வரை செக்கச்செவேலென்று இருந்தது.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது தமிழ்நாட்டில் பொம்பளையாகப் பிறந்த எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை வந்தாலும், பிள்ளை பெற்று மகள் வந்தாலும், தட்டில் கரைத்து ஆரத்தி சுற்றுவது அதைத்தான். பிலோமின்ராஜுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் தட்டில் நடப்பது எஞ்சினிலும் நடக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவள் எழுந்து வேனின் பக்க மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே பத்து வருஷத்துக் கறுப்பு. கிரீஸும் டீசலும் புழுதியும் சேர்ந்து கருங்கல் போல இருந்தது.

"அண்ணே, இந்தக் கறுப்பு மேல மஞ்சத் தண்ணி வழிஞ்சா உங்களுக்குத் தெரியுமா?"

"எப்பிடித் தெரியும்? காக்கா மேல நிழல் விழுந்த மாதிரி."

"சுண்ணாம்பு அடிச்சிருந்தா?"

பிலோமின்ராஜ் வாயிலிருந்த பீடி அணைந்தது. அவர் அதை ரொம்ப நேரம் கவனிக்கவில்லை.

எதிர்வீட்டு அகிலாண்டம் மகள் கல்யாணத்துக்கு ஆள் வைத்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். பவுனம்மாள் போய் ஒரு வாளி சுண்ணாம்பும் பூசும் மட்டையும் வாங்கி வந்தாள். ஆண்டியும் மேஸ்திரியும் மண்ணெண்ணெய் போட்டு எஞ்சினைத் தேய்த்தார்கள். பிறகு அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மட்டையை எடுத்து, எஞ்சினுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தாள். முன்பக்கம், இரண்டு விலா, மட்டை நுழையாத இடங்களில் துணியைச் சுற்றிய குச்சி. மருதையின் மாடுகள்கூட அசைபோடுவதை நிறுத்திப் பார்த்தன.

வேலம்மாளுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பாக்குரலை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"ஏ புள்ள, என்ன பண்றே?"

"ஒழுக்கு பாக்குறேன் அத்தை."

"மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துக்கிட்டு ஒழுக்கு பாக்குறியா? அதுக்குப் பேரு என்ன? ஆலாத்தி! தாலியறுத்தவ ஆலாத்தி கரைக்கலாமாடி? நான் முப்பது வருஷமா அந்தத் தட்டைக் கையால தொட்டதில்ல. பெரியண்ணன் கல்யாணத்துக்குக்கூட நான் உள்ள ரூம்புலதான் உக்காந்திருந்தேன்."

"ஏன் உக்காந்தீங்க?"

வேலம்மாளிடம் அதை யாரும் கேட்டதில்லை.

"நான் மாப்ளைக்கா சுத்துறேன்? எஞ்சினுக்கு" என்றாள் பவுனம்மாள், மட்டையை நிறுத்தாமல். "இது நெல் மில்லுல ஓடினப்ப எத்தனை பேரு இதுக்கு ஆயுத பூஜை போட்டாங்களோ, தாலி கட்டினவளா அறுத்தவளான்னு கேட்டு ஓடினது கிடையாது. தண்ணி ஊத்துனா ஓடும். தெருவுல யாருக்காச்சும் கண்ணு உறுத்துச்சுன்னா உள்ள போயி உக்காந்துக்கச் சொல்லுங்க."

"பாத்தீங்களாம்மா" என்றார் பெரியண்ணன். "இதைத்தான் நான் சொன்னேன். வண்டியில ஏறினதும் வாய் நீண்டுடுச்சு."

"வாய் முன்னயும் இருந்துச்சு மாமா. உங்க தம்பி அதைக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. அதான் உங்க காதுக்கு வரல."

புதிதாக ஒரு கிலோ மஞ்சள் தூளை வாங்கி வந்து கரைத்து ஊற்றினார்கள். வாசலில் நிறுத்தி ஓடவிட்டால் வேன் ஒழுகாது, சூடேறி மேடேறும்போதுதான் அதன் விளையாட்டு என்று ஆண்டி சொன்னான். சமயபுரம் வரை போய்த் திரும்புவது என்று முடிவாயிற்று. கிழங்கு மூட்டைகள் போதாது, இன்னும் எடை வேண்டும் என்றார் மேஸ்திரி. தெருவில் சொன்னதுதான் தாமதம். பதினான்கு பேர் ஏறினார்கள். வெள்ளையடிக்க வந்த இரண்டு ஆட்கள் மட்டையோடு ஏறினார்கள். அகிலாண்டம், கல்யாண வேலை கிடக்கட்டும் என்று ஏறினாள். மருதை, தான் வாங்கப்போகும் சரக்கு என்ற உரிமையில் ஏறினார். பெரியண்ணன், தான் ஏறாவிட்டால் நியாயம் நடக்காது என்று ஏறினார். தெருக்காரன் என்ற உரிமையில் நானும் ஏறினேன். சமயபுரத்தில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று இரண்டு பேர் தேங்காய் பழம் வேறு வாங்கி வைத்திருந்தார்கள்.

திருவானைக்காவல் தாண்டிப் பாலத்தில் ஏறியபோது வேன் முனகியது. கொள்ளிடத்தில் தண்ணீர் இல்லை. மணலில் சூடு எழும்பி அக்கரைத் தென்னைகளை நெளிய வைத்தது. டோல்கேட்டில் ஆண்டி திரும்பிப் பார்த்து, "அக்கா, சூடு ஏறுது" என்றான்.

"ஏறட்டும்."

"நின்னுடும்க்கா."

"நின்னாத்தான் என்ன? பதினாலு பேரு இருக்கோம், மாமாவையும் சேத்து. தள்ளலாம்."

வேன் நிற்கவில்லை. சமயபுரத்தில் திரும்பி, பாலத்தில் மறுபடி ஏறி இறங்கி, தெருவில் வந்து நின்றபோது ரேடியேட்டர் மூடி கெட்டி மேளம் அடித்தது. மணி பதினொன்றேகால். ஆண்டி குதித்துப் பக்க மூடியைத் தூக்கினான்.

வலப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. முன்பக்கமும் அப்படியே. பெரியண்ணன் தொண்டையைக் கனைத்தார். பவுனம்மாள் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனாள். அந்தப் பக்கத்தில் புகைக்குழாய் எஞ்சினை ஒட்டி ஓடும். அவள் தலையை உள்ளே விட்டாள். வெகு நேரம் வெளியே எடுக்கவில்லை.

"அண்ணே" என்றாள் உள்ளேயிருந்து. "வாங்க. வந்து உங்க கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைப் பாருங்க."

புகைக்குழாய்க்குப் பின்னால், எஞ்சினின் விலாவில், வெள்ளி ரூபாய் அளவுக்கு வட்டமாக ஓர் இரும்பு மூடி இருந்தது. வார்க்கும்போது விட்ட துளையை அடைப்பதற்காக எல்லா எஞ்சினிலும் இப்படி நாலைந்து மூடிகள் இருக்கும். அந்த மூடியின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. ஒரு விரல் நீளம். நேராகப் புகைக்குழாயின் மேல் போய் அதோடு முடிந்தது. ஒழுகிய தண்ணீர் தரைக்கு வரவே இல்லை. கொதிக்கும் குழாயில் பட்டு, பட்ட இடத்திலேயே ஆவியாகிக் காற்றோடு போயிருக்கிறது. வண்டி நின்று ஆறினால் ஓட்டை மூடிக்கொள்ளும்.

பிலோமின்ராஜ் தலையை வெளியே எடுத்து, தொப்பியைக் கழற்றினார். அவர் மாதா கோயிலில் மட்டும்தான் தொப்பியைக் கழற்றுவார்.

"தங்கச்சி, நாளைக்கு என் பட்டறைக்கு வந்து உக்காரு. நான் சமைக்கப் போறேன்."

"எனக்கு வேலை இருக்கு அண்ணே. அந்த மூடிய மாத்துங்க."

புகைக்குழாயைக் கழற்றி, மூடியை உளியால் நெம்பி எடுத்தார். வெளியே தடிமனாகத் தெரிந்தது உள்ளே அப்பளம் போல அரித்துப் போயிருந்தது. ஊசி குத்தினாற்போல ஒரு துளை. மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரேடியேட்டர் வாய்க்குள் விரலை விட்டுச் சுரண்டி, மஞ்சளுக்கு அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது.

"என்ன இது, உப்புக் கரிக்குது! வண்டிய வேதாரண்யத்துல கடலுக்குள்ள ஓட்டினீங்களா? காவிரித் தண்ணி இப்பிடி இரும்பைத் தின்னாதே!"

ஆண்டி வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தான். அதில் எதுவும் இல்லை.

"நான்தான் போட்டேன்" என்றாள் பவுனம்மாள்.

"என்னாத்தை?"

"உப்பு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. அவுக போன பின்னால நான் முன்சீட்டுல உக்காந்து போறப்ப தெருவே கண்ணு வச்சுப் பாத்துச்சுல்ல? அதுக்காக ஒரு கை உப்பை எடுத்து வண்டிய மூணு சுத்து சுத்தினேன். மனுசருக்குச் சுத்தின உப்பைத் தண்ணியில கரைப்போம். அது கரையக் கரைய திருஷ்டி கரையும். வண்டிக்குச் சுத்தின உப்பை எதுல கரைக்கிறது? வண்டித் தண்ணியிலதானே கரைக்கணும்? அதான் அது வாயிலயே போட்டுட்டேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசமா."

நூறு வெள்ளிக்கிழமை, நூறு கை உப்பு. தெருவின் கண்ணெல்லாம் கரைந்ததோ என்னவோ, எஞ்சின் கரைந்திருந்தது. பிலோமின்ராஜ் சிரிக்கக் கூடாது என்று முயற்சி செய்து, இருமினார். வெள்ளையடிக்கும் ஆட்கள் முயற்சியே செய்யவில்லை.

பெரியண்ணனுக்கு உயிர் வந்தது. "கேட்டீங்களா? கேட்டீங்களா எல்லாரும்? பொம்பளை கையில வண்டியக் குடுத்தா இதான். இவளே கெடுத்துட்டு இவளே ஊரைக் கூட்டியிருக்கா!"

"ஆமா மாமா" என்றாள் பவுனம்மாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் குனியவில்லை. "நான்தான் கெடுத்தேன். நான்தான் கண்டும் பிடிச்சேன். நீங்க கெடுக்கவும் இல்ல, கண்டுபிடிக்கவும் இல்ல. மாடுதான் ஓட்டிக்கிட்டு வந்தீங்க. மேஸ்திரியண்ணே, இனிமே அதுல உப்பு விழாது. மூடியப் போடுங்க."

மருதை நியாயஸ்தர். மத்தியானச் சங்கு ஊதுவதற்குக் காத்திருக்காமல் மாடுகளை அவிழ்த்தார். "எங்கிட்ட வர்ற வண்டியெல்லாம் இப்பிடி யாராச்சும் வெள்ளையடிச்சுப் பாத்திருந்தா நான் எப்பவோ கடைய மூடியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

புது மூடியை அடித்து இறுக்கி, புகைக்குழாயைப் பூட்டி, நல்ல தண்ணீரை ஊற்றி முடிக்க மணி இரண்டாகிவிட்டது. ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டு குறையவில்லை. கிழங்கு மூட்டைகள் காந்தி மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். ஆண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

"இருடா" என்றார் பெரியண்ணன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வண்டிய ஓட்டுங்க, நான் வேணாங்கல. அந்தச் சுண்ணாம்பையும் செவப்பையும் கழுவிட்டு ஓட்டுங்க. அறுத்தவ கரைச்ச ஆலாத்தி எஞ்சின்ல காஞ்சு கெடக்கு. பாக்குறவன் என்ன சொல்லுவான்?"

ஆண்டி இறங்கித் துணியை எடுத்தான்.

"கைய வைக்காதே ஆண்டி" என்றாள் பவுனம்மாள். "அது அப்பிடியே கிடக்கட்டும். அடுத்த ஒழுக்கு வந்தா அதுதான் எனக்குச் சொல்லும். அந்த எடப்பக்க மூடிய எறக்காதே. தூக்கிக் கயிறு போட்டுக் கட்டு."

"தொறந்தபடியேவா அக்கா? எல்லாந் தெரியுமே."

"தெரியட்டும். நேரா பாலத்துக்குப் போவாதே. வடக்குச் சித்திரை வீதியில பூந்து, சாமி தேரு ஓடுற நாலு வீதியும் ஒரு சுத்து சுத்திட்டுப் போ. மெதுவாப் போ."

பெரியண்ணன் அம்மாவைப் பார்த்தார். அம்மாவாவது தடுப்பாள் என்று நினைத்திருப்பார். வேலம்மாள் வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, வேனின் படியில் ஒரு காலை வைத்தாள். எழுபது வயதில் அந்தப் படி அவளுக்கு உயரம். ஆண்டி கையைக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. கம்பியைப் பிடித்து ஏறி, மருமகளின் தோளை இடித்தாள்.

"தள்ளி உக்காருடி. பாக்குறவன் ரெண்டு பேரையும் சேத்தே பாக்கட்டும்."